கண்ணாடியில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

கருங்கண்மாய் ரோடு ஸ்டேஷனுக்குக் கண்ணாடி வந்த நாளிலிருந்தே போஸ்டர் ஒட்டுகிற கடற்கரைக்கு அதைக் கண்டால் ஆகாது. ஆகாது என்றால் சும்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிற ஆகாமை இல்லை. சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, காறித் துப்பிவிட்டுத்தான் நகர்வார். ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. “என் சுவர இடிச்சிட்டு வந்த சனியன்லா அது” என்று ஆரம்பித்து, கேட்டவர் ரயிலைத் தவறவிடுகிற வரை விடமாட்டார்.

சுவர் ஒன்றும் அவருடைய சுவர் இல்லை. ரயில்வே காம்பவுண்டுச் சுவர். ஆனால் மீசை முளைத்த காலத்திலிருந்து அதில் போஸ்டர் ஒட்டி வந்தவர் அவர். கோவில்பட்டி பிரஸ்ஸில் கட்டு வாங்கி, கேரியரில் வைத்துக் கட்டி, ஹேண்டில்பாரில் பசை வாளியை மாட்டிக்கொண்டு வந்தால், சினிமா, கட்சி, மஞ்சள் நீராட்டு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அவர் கை பட்டுத்தான் சுவரேறும். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். செத்தவர் படத்தைப் பார்த்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே அழுதவர்கள் உண்டு. வீட்டுக்குப் போகாமல் நேரே துஷ்டி கேட்கப் போனவர்களும் உண்டு.

பசை காய்ச்சுவது அவர் மனைவி பார்வதியம்மாள். மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சி, மறக்காமல் கொஞ்சம் மயில்துத்தம் போடுவாள். போடாவிட்டால் கருங்கண்மாய் மாடுகள் வைக்கோலை விட்டுவிட்டுப் போஸ்டரை நக்க வந்துவிடும். ஒரு தடவை ஒரு எம்.எல்.ஏ. வேட்பாளரின் முகத்தைப் பாதி வரை ஒரு கிடாரி தின்றுவிட்டு, கட்சிக்காரர்கள் கடற்கரையிடம் சண்டைக்கு வந்தார்கள். “மாட்டுக்கு அவரப் பிடிச்சிருக்கு, மனுசனுக்குப் பிடிக்குதான்னு பாருங்க” என்று சொல்லி அனுப்பினார். அந்த வாய்க்குத்தான் அவர் பாதி ஊரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஊரே அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. கண்ணீர் அஞ்சலி ஒட்டினால், பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் அதன் மேல் எவனும் எதையும் ஒட்டக் கூடாது, கிழிக்கவும் கூடாது. ஒரு தேர்தல் நேரத்தில் ஒரு வட்டச் செயலாளர் இதைத் தெரியாமல், செத்துப் போன ஒரு கிழவியின் முகத்துக்கு மேலே தலைவர் படத்தை ஒட்டச் சொல்லிவிட்டார். கடற்கரை வந்து பார்த்தார். வாளியோடு பசையைச் செயலாளரின் வெள்ளைச் சட்டை மேல் கவிழ்த்துவிட்டார். பெரிய ரகளை. கடைசியில் அந்தக் கட்சிக்காரர்களே வந்து தலைவர் படத்தை உரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

அப்பேர்ப்பட்ட சுவரை ஒரு காலையில் ஜேசிபி வந்து இடித்துப் போட்டது. ஸ்டேஷனைப் புதுசாகக் கட்டுகிறார்களாம். பழைய டிக்கெட் கவுண்டர் போனது, வேப்பமரம் போனது, சுவரும் போனது. அந்த இடத்தில் ரோட்டைப் பார்த்து, மேற்கு வெயிலைப் பார்த்து, இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி எழும்பத் தொடங்கியது. கம்பியும் கிடையாது, சட்டமும் கிடையாது. வெறும் கண்ணாடி.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், அந்தக் கண்ணாடியை மாட்டுகிற கூட்டத்தில் அவருடைய தங்கை புருஷனே ஒருத்தனாக இருந்ததுதான்.

வெயிலுமுத்து நல்ல பிள்ளை. முதலில் ஸ்பின்னிங் மில்லில் இருந்தான். மில்லில் ஆள் குறைத்தபோது தூத்துக்குடிக்குப் போய், நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் முகப்புக் கண்ணாடி மாட்டுகிற வேலையைக் கற்றுக்கொண்டான். சொந்த ஊர் ஸ்டேஷனில் அதே வேலை என்றதும் ஒரே சந்தோஷம். பெண்டாட்டி காளீஸ்வரி தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்புமுன் ஆக்குகிற சோற்றை அவனே வாளியில் கொண்டுபோய்விடலாம், ராத்திரி வீட்டில் படுக்கலாம். இதைவிட என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்ன வந்தால் மச்சானைச் சீண்டாமல் போகமாட்டான்.

“மச்சான், ஒரு நாள் வந்துதான் பாருங்களேன். நாலு காலு வச்ச இரும்பு. நாங்க அத ஸ்பைடர்னு சொல்லுவோம். ஒரு கால் ஒரு கண்ணாடியப் பிடிக்கும், நாலு கால் நாலு கண்ணாடியப் பிடிக்கும். பின்னால முட்டுக் குடுக்கதும் கண்ணாடிதான். கண்ணாடியக் கண்ணாடியே தாங்குது மச்சான்.”

“தாங்கும் தாங்கும். ஒரு பய கல்ல விட்டு எறிஞ்சா தெரியும்.”

“எறிஞ்சாலும் கத்தி மாதிரி குத்தாது. கற்கண்டா உதுந்துரும். அப்படிச் சுட்டு எடுத்த கண்ணாடி.”

“மேக்கு வெயிலுக்கு உள்ள உக்காந்திருக்கவன் கருவாடா காய்வான். அதுக்கு என்னல சொல்லுத?”

வைகாசியில் தற்காலிகமாகத் திறந்துவிட்ட ஹாலில் நின்ற சனம், டிக்கெட்டால் விசிறிக்கொண்டே வெளியே ஓடி வந்து புளியமரத்தடியில் நின்றதை வெயிலுமுத்துவும் பார்த்திருந்தான். “அதுக்கு ஏசி வரும் மச்சான்” என்று பேச்சை மாற்றி, “உங்க கோவம் அது இல்ல. இதுல உங்க பசை பிடிக்காது. அதான் உங்களுக்கு ஆத்திரம்” என்பான்.

“பிடிக்காதா? ஒட்டிக் காட்டட்டுமால?”

“நீங்க ஒட்டுங்க, உங்க பசை பிடிச்சா நான் மீசைய எடுத்துருதேன்.”

காளீஸ்வரி நடுவில் புகுந்து, “ரெண்டு பேரும் முதல்ல சோத்தத் தின்னுங்க” என்று அதட்டுவாள். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆடி பிறந்தது. கரிசல் காட்டு ஆடிக் காற்றைப் பற்றி அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் நடக்கிறவன் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். வாயைத் திறந்தால் கரிசல் மண் பல்லில் நறநறக்கும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று சாமியானாக் கம்புகூட வந்து இறங்கிவிட்டது. முகப்பில் இன்னும் சில கண்ணாடிகள் பாக்கி இருந்தன.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் கடற்கரைக்குப் போன் வந்தது. வெயிலுமுத்து பைபாஸில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணாடிக் கம்பெனியின் லோடு ஆட்டோதான் தூக்கிக்கொண்டு வந்ததாம். ரோட்டில் கிடந்தான், நம்ம ஊர்க்காரன் ஆச்சே என்று ஏற்றினோம் என்று ஆட்டோவில் வந்தவன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் உடம்பு வீட்டுக்கு வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரிந்தது. காளீஸ்வரி தலைமாட்டில் உட்கார்ந்து அவன் முடியைக் கோதிக் கோதி அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, விரலை விரித்துப் பார்த்தாள். மறுபடி முடிக்குள் கையை விட்டாள். பிறகு கடற்கரையைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இங்கன வா. இது என்னன்னு பாரு.”

அவள் உள்ளங்கையில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். கூரே இல்லாத, கற்கண்டு மாதிரித் துண்டுகள்.

கடற்கரைக்கு அவன் சொன்ன கண்ணாடி ஞாபகம் வந்தது. எழுந்தார். துஷ்டிக்கு வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, செருப்புக்கூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு நடந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் வெயிலுமுத்துவின் பைக் நின்றது. ஒரு கீறல் இல்லை. இரண்டு பக்கக் கண்ணாடியும் அப்படியே இருந்தது. ஹேண்டில்பாரில் சோற்று வாளி தொங்கியது. பைபாஸில் விழுந்தவன் பைக் ஸ்டேஷனில் எப்படி நிற்கும்?

அன்று சாயங்காலம், எடுக்கிற நேரத்துக்குச் சூப்பர்வைசர் மணிகண்டபிரபு பெரிய மாலையோடு வந்தான். வெளியூர்க்காரன். மாலையைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கடற்கரை அவனைத் தெருவோரம் கூட்டிக்கொண்டு போனார்.

“என்ன நடந்தது? மறைக்காம சொல்லுங்க.”

“எனக்கு என்ன தெரியும் பெரியவரே? அவர் எங்க கம்பெனி ஆளே இல்லை. எப்பவாவது வந்து எடுபிடி செய்வார். அன்னைக்கு வேலைக்கே வரலை.”

“பைக் ஸ்டேஷன்ல நிக்குது.”

“யாராவது எடுத்துட்டு வந்து விட்டிருப்பாங்க.”

“தல முடியில கண்ணாடி கிடக்குது.”

“ரோட்டுல கண்ணாடி கிடக்கத்தான் செய்யும்.” சொல்லிவிட்டு அவன் வாட்சைப் பார்த்தான். செத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு வாட்சைப் பார்த்தானே, அதைக் கடற்கரை சாகிற வரை மறக்கமாட்டார். கழுத்தைப் பிடித்திருப்பார். பாடை எழும்புகிற நேரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பாடையைத் தூக்கியவர்களில் பாதிப் பேர் வெயிலுமுத்துவோடு கண்ணாடி மாட்டுகிற பையன்கள்தான். சுடுகாடு வரை தோளை மாற்றாமல் தூக்கினான் இசக்கிராஜா. வெயிலுமுத்துவுக்குக் கூட்டாளி. ஒரே பைக்கில் போவார்கள், ஒரே வாளியில் தின்பார்கள். சுடுகாட்டில் அவன் தரையில் விழுந்து அழுத அழுகையை எல்லோரும் பார்த்தார்கள். கடற்கரை அவனைத் தூக்கி நிறுத்தி, “ஏலே, நீ கூட இருந்தேல்லா? சொல்லு. எப்படிச் செத்தான்?” என்று கேட்டார்.

இசக்கிராஜா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “நாங்க பாக்கல அண்ணாச்சி. டீ குடிக்கப் போயிருந்தோம்.”

“எல்லாருமால?”

“எல்லாரும்தான்.”

மற்ற பையன்களைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் டீ தாகம். கடற்கரைக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சூப்பர்வைசர் அந்நியன், அவன் சொல்லிவிட்டுப் போகட்டும். இவன்கள் யார்? கூடப் பிறக்காத குறைதானே? “தூ, நீங்கள்லாம் ஒரு மனுசங்களால!” என்று சுடுகாடே கேட்கும்படி கத்தினார். யாரோ வந்து அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தார். எழுதிக் கொடுங்க, விசாரிக்கிறோம், பார்த்த சாட்சி யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க என்றார்கள். சாட்சிதான் டீ குடிக்கப் போய்விட்டதே! வீட்டுக்கு வந்தால் காளீஸ்வரி ஒரே பேச்சுத்தான் பேசினாள். “அண்ணே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவிய அங்கன வேலை பாத்தாவ, அங்கன செத்தாவ. அத ஒருத்தன் வாய் தொறந்து சொல்லணும். பைபாஸ்ல குடிச்சிட்டு விழுந்தான்னு இப்பவே தெருவுல பேசுதாவ. எம் பிள்ளைய பள்ளிக்கூடத்துல கேப்பாவ.” வெயிலுமுத்து பீடிகூடக் குடிக்காதவன்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் கடற்கரை கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார். ஊரில் எத்தனையோ பேருக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியவர். சொந்த மாப்பிள்ளைக்கு இன்னும் ஒட்டவில்லை.

பிரஸ்காரர் சாமுவேல்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். “வாங்க அண்ணாச்சி. நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்.”

“சாமுவேலு, ஒரே ஒரு வரி வேணும். ‘ஸ்டேஷன்ல கண்ணாடி சாஞ்சு செத்தான்’னு போடு. கொட்டை எழுத்துல போடு.”

சாமுவேல்ராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அண்ணாச்சி, கோவிக்காதீங்க. நம்ம பக்கம் எப்படிச் செத்தாருன்னு போஸ்டர்ல போட மாட்டோம்லா. மிஞ்சிப் போனா ‘அகால மரணம்’. பேரு, ஊரு, தோற்றம், மறைவு, அழுதவிய முகம். அதுக்கு மேல போட்டா நாளைக்கு வக்கீல் நோட்டீசோட என் கடை வாசல்ல நிப்பான்.”

“நீயும் டீ குடிக்கப் போயிட்டியோ?”

சாமுவேல்ராஜ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “படம்லாம் வந்துட்டு அண்ணாச்சி. கூட வேலை பாக்குத பயலுவ நேத்தே வாட்ஸ்அப்ல அனுப்பிட்டானுவ. டிசைன் பண்ணி வச்சிருக்கேன்.”

திரையில் வெயிலுமுத்து சிரித்துக்கொண்டு நின்றான். கீழே வரிசையாக வட்டம் வட்டமாகப் பையன்களின் முகங்கள். முதல் வட்டத்தில் இசக்கிராஜா, கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு.

கடற்கரை நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். “வாயத் தொறக்க மாட்டானுவ, மூஞ்சிய மட்டும் அனுப்புவானுவளோ? வெக்கங்கெட்ட பயலுவ! தூக்கு. ஒரு மூஞ்சி இருக்கக் கூடாது. தூக்குன்னா தூக்கு!”

“தூக்குதேன் அண்ணாச்சி. அதுக்கு முந்தி அவிய என்ன போடச் சொல்லிருக்காவன்னு ஒரு தடவ வாசிங்க.”

கடற்கரை குனிந்து வாசித்தார். ‘கண்ணீருடன்: கண்ணாடி பிட்டிங் நண்பர்கள், கருங்கண்மாய் ரோடு ரயில் நிலையப் பணி.’ மறுபடி மேலே பார்த்தார். வெயிலுமுத்து போட்டிருந்தது கம்பெனி ஜாக்கெட். நெஞ்சில் கம்பெனி பெயர். ஒரு கையைப் பெரிய கண்ணாடி மேல் ஊன்றியிருந்தான். தோளுக்குப் பின்னால் ஸ்டேஷன் பெயர்ப் பலகை மஞ்சளாகத் தெரிந்தது. கடற்கரை மெதுவாக உட்கார்ந்தார்.

யோசித்து அனுப்பிய படம் இல்லை அது. யோசித்திருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கூட்டாளி செத்துப் போய், அவன் கண்ணீர் அஞ்சலியில் தன் முகம் இல்லாமல் போனால் அதைவிடக் கேவலம் ஒரு இளவட்டத்துக்கு வேறு கிடையாது. பெற்ற தாயே, ‘உன் படம் எங்கல?’ என்று கேட்பாள். ஆகவே ஒருத்தன் அனுப்பினான், உடனே எல்லாரும் அனுப்பினார்கள். செத்தவன் படம் வேண்டுமே என்று, சிரித்த முகமாக இருந்ததை ஒருத்தன் தேடி அனுப்பினான். எந்த நண்பர்கள் என்று பிரஸ்ஸில் கேட்டதும், கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். சூப்பர்வைசர் அவர்களை வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் மிரட்டியிருந்தான். போஸ்டரில் முகம் போடாதே என்று சொல்ல, வெளியூர்க்காரனுக்கு எப்படித் தோன்றும்?

“இந்தப் பயலுவளுக்கு வேலை போயிரும் அண்ணாச்சி” என்றார் சாமுவேல்ராஜ்.

கடற்கரைக்கும் அது தெரிந்தது. ஆனால் சுடுகாடும், தரையைப் பார்த்த தலைகளும் ஞாபகம் வந்தன. “அவனுவ கேட்டதத்தான் போடுதோம். ஒரு எழுத்து மாத்தாத. பெரிய தாளா அடி.”

பார்வதியம்மாள் பசையை வழக்கத்தைவிடக் கெட்டியாகக் காய்ச்சினாள். டப்பாவில் மீதியிருந்த பெவிகாலையும் வழித்துப் போட்டாள். “பொழுது அடைஞ்ச பிறகு போனா என்ன?” என்று மட்டும் கேட்டாள்.

“களவா செய்யப் போறேன்? எல்லாரும் பாக்கத்தான் ஒட்டப் போறேன்.”

மூன்று மணி வெயிலில், மெமு ரயிலுக்குச் சனம் கூடுகிற நேரத்தில், கடற்கரை கண்ணாடி முன்னால் போய் நின்றார். முகப்பு முழுசும் மாட்டி முடித்திருந்தார்கள். எந்தக் கண்ணாடி அவனைச் சாய்த்தது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் மற்றதைவிடப் புதுசாக, ஓரத்தில் பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல் இருந்தது. அதில் பசையை அள்ளி அப்பினார். கண்ணாடி தோசைக்கல்லாகச் சுட்டது.

தாளை எடுத்தார். மேல் முனையைப் பிடித்தால் கீழ் முனை பறந்தது. கீழே பிடித்தால் மேலே மடங்கி அவர் முகத்தில் அடித்தது. ஆடிக் காற்று அவரோடு மல்லுக்கட்டியது. எத்தனையோ ஆடி பார்த்தவர், சுவரில் தனியாளாக ஒட்டியவர். இந்த வழுவழுப்பில் முடியவில்லை. ‘ஒரு காகிதத்தை இந்தக் காற்றில் ஒருத்தனால் பிடிக்க முடியலை. கண்ணாடியைத் தூக்கச் சொன்னானே, படுபாவி!’ என்று நினைத்துக்கொண்டே தாளை மறுபடி விரித்தார்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து தாளின் கீழ் முனையைப் பிடித்தன. காளீஸ்வரி. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள்.

“ஏட்டி, நீ ஏன் வந்தே? மூணு நாள்கூடச் சரியா முடியல. ஊரு என்ன சொல்லும்?”

“சொல்லிட்டுப் போகுது. நீ ஒட்டு.”

இரண்டு பேருமாகப் பிடித்து ஒட்டினார்கள். கடற்கரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போனார். டிக்கெட் எடுக்க வந்தவர்கள் நின்றார்கள். உள்ளே ஹாலில் இருந்தவர்களுக்குத் தாளின் வெள்ளை முதுகுதான் தெரிந்தது. என்னவென்று பார்க்க அவர்களும் வெளியே வந்தார்கள். “நம்ம தீப்பெட்டி ஆபீஸ் காளீஸ்வரி மாப்பிள்ளைலா? இங்கனயா வேலை பாத்தான்? பைபாஸ்னு சொன்னாவ?” என்று ஒரு கிழவர் சத்தமாகக் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் கடற்கரை வெயிலில் வந்து நின்றார்.

மணிகண்டபிரபு ஓடி வந்தான். “யாரைக் கேட்டு ஒட்டுன? திறப்பு விழாவுக்கு ஆள் வர்ற நேரத்துல பொணத்தோட படமா? கிழி அதை!”

“நீ கிழி, பாப்போம்” என்றார் கடற்கரை. வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவன் போஸ்டரைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். ஜாக்கெட்டைப் பார்த்தான். கீழே வரிசையைப் பார்த்தான். முகம் வெளிறிப் போனது. உள்ளே திரும்பி, “இசக்கி! எல்லாரும் வாங்கடா! பிளேடை எடுத்துட்டு வா, சுரண்டு இதை!” என்று கத்தினான்.

பையன்கள் வந்தார்கள். இசக்கிராஜா கையில் பசைக்கறை சுரண்டுகிற பிளேடு. கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றான். எதிரே வெயிலுமுத்து சிரித்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் இசக்கிராஜாவின் சொந்த முகம், கூலிங்கிளாஸோடு. பக்கத்தில் தாளின் ஓரத்தை இன்னும் விடாமல் அழுத்திப் பிடித்தபடி காளீஸ்வரி.

“சுரண்டுடா! வேலை வேணுமா வேண்டாமா?”

இசக்கிராஜா அசையவில்லை. மணிகண்டபிரபு அவன் கையிலிருந்து பிளேடைப் பிடுங்கிக்கொண்டு, எட்டி, வெயிலுமுத்துவின் கன்னத்தில் வைத்தான். கூட்டத்தில் யாரோ ‘ஐயையோ’ என்றார்கள். கடற்கரை வாளியை ஓங்குவதற்குள் இசக்கிராஜா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

“சார், வேண்டாம் சார். இன்னும் பதினாறு முடியல.”

“கையை விடுடா!”

“விட மாட்டேன் சார். அன்னைக்கு விட்டேன்லா, அது போதும்.” கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். “இங்கனதான் விழுந்தான். இந்த இடத்துலதான். காத்து ஓங்கி அடிக்குது, இன்னைக்கு வேண்டாம்னு அவன் சொன்னான். ‘தேதி இருக்கு, தூக்கு’ன்னு இவருதான் சொன்னாரு. இந்த முனையில நான், அந்த முனையில அவன். கண்ணாடி காத்துல திரும்பிட்டு. நான் பிடிய விட்டுட்டேன். அவன் விடல. ஏறி நின்ன சாரத்தோட அவனச் சேத்து இழுத்துட்டுப் போயிட்டு.” பிறகு காளீஸ்வரியைப் பார்த்தான். “மைனி, நான்தான் விட்டேன். அத எப்படி வந்து உங்ககிட்ட சொல்லுவேன்?”

எத்தனையோ போன்கள் அவனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. மணிகண்டபிரபு தன் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

காளீஸ்வரி தாளை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். “நீயும் விடாம இருந்தா உங்க அம்மையும் என்னைய மாதிரி உக்காந்திருப்பா” என்றாள். “போய்ச் சொல்லுல. போலீஸ் ஸ்டேஷன்ல போய், இங்கன சொன்னத அங்கன சொல்லு. அது போதும் எனக்கு.”

“வாரேன் மைனி.”

மற்ற பையன்கள் ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றிக் கண்ணாடி அடியில் போட்டார்கள். கடற்கரைக்கு ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. “இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னல?” என்று இசக்கிராஜாவின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். அறைந்த கை அப்படியே அவன் தோளில் கிடந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறதற்கு முன்னால் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். வெயிலுமுத்துவின் மீசைக்கு மேலே காற்றுப் புகுந்து தாள் கொஞ்சம் உப்பியிருந்தது. கிட்டே போய், கட்டைவிரலால் அதை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி அமுக்கினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“பிடிச்சிட்டு மாப்ள” என்றார். “பாத்தியா, பிடிச்சிட்டு. மீசைய எடுக்குதேன்னியே, எந்திரிச்சு வந்து எடுல.”

வாளியைக் கீழே வைத்துவிட்டு, சுடுகிற அந்தக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு கடற்கரை அழுதார். பையன்கள் அவருக்காக ரோட்டோரத்தில் காத்துக்கொண்டு நின்றார்கள்.